நாலாவது டாக்டரை நிறுத்திவைக்க நான் செய்த சதி

"எனக்கு நெஞ்சு வலியெல்லாம் இல்ல. வலி எங்க ஓரகத்திக்குத்தான்."

பச்சையம்மா இப்படிச் சொன்னதும் டாக்டரம்மா பேனாவை மேஜைமேல் வைத்துவிட்டார். நான் கதவோரம் நின்று, சிரிப்பு வெளியே வராமல் இருக்க முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டேன்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம். காலை நோயாளிகள் எல்லாம் போய்விட்டார்கள். டெட்டால் வாசனையும் யாரோ விட்டுப்போன கொய்யாப்பழ வாசனையும் கலந்து அடித்தது. பச்சையம்மா தொண்டூரிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தாள். அவளுக்கு உடம்பில் ஒன்றும் இல்லை. டாக்டரம்மா ஒரு பரீட்சைக்குத் தயார் ஆகிறார், அதற்கு நோயாளி மாதிரி நடிக்க ஆள் வேண்டும், அதற்காக நான்தான் வரவழைத்திருந்தேன்.

நான் சொல்லிக்கொடுத்தது ரொம்பச் சுலபம். "ரெண்டு நாளா நெஞ்சு வலின்னு சொல்லு. கேட்டா மட்டும், இடது கைக்கு இறங்குதுன்னு சொல்லு. வேற வாயத் தொறக்காத." அவளும் சரி சரி என்று தலையை ஆட்டினாள். ஸ்டூலில் உட்கார்ந்ததும் பயம் பிடித்துக்கொண்டது.

"வாயால சொன்னா வந்துரும்மா. சனிக்கெழம அதுவுமா எனக்கு இன்னாத்துக்கு நெஞ்சு வலி? அவளுக்கே வரட்டும்."

"அம்மா, இது நடிப்புதான். பரீட்சைக்கு."

"நடிப்புலயும் அவளுக்கே இருக்கட்டும்."

டாக்டரம்மா விடவில்லை. பரீட்சையில் எப்படிக் கேட்கவேண்டுமோ அப்படியே முகத்தைக் கனிவாக வைத்துக்கொண்டு கேட்டார். "சரிம்மா. உங்க ஓரகத்திக்கு எப்பேர்ந்து வலிக்குது?"

"பங்குக் கெணத்துல தனியா மோட்டாரு வெச்சா பாருங்க, அப்பேர்ந்து."

"எப்படி வலிக்குது? அழுத்தற மாதிரியா, குத்தற மாதிரியா?"

"நல்லா குத்தட்டும்."

பத்து நிமிஷம் ஆனதும் செல்போனில் அலாரம் அடித்தது. அதற்குள் கிணறு, மோட்டார், ஓரகத்தி வீட்டு நாய் எல்லாம் வந்துவிட்டன. நெஞ்சு மட்டும் வரவில்லை. போகும்போது பச்சையம்மா புடவையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்து, "அப்டியே இந்த முட்டியையும் பாத்துரும்மா. இது நடிப்பு இல்ல, நெசம்" என்றாள்.

டாக்டரம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். எனக்கோ உள்ளுக்குள் கொண்டாட்டம். ஏனென்றால், நான் போட்ட திட்டமே அதுதான்.

ராசிக்காரி

இந்தத் தொடரை இந்த வாரம்தான் முதன்முதலாகப் பிரிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். நான் தேவகி. செஞ்சியில் டாக்டர் கிளினிக்கில் டோக்கன் கொடுக்கிறவள். எடை பார்ப்பேன், காய்ச்சல் பார்ப்பேன், யார் உண்மையில் அவசரம், யார் பஸ் போய்விடுமே என்று அவசரம் என்பதையும் பார்ப்பேன். ஊரில் பாதிப் பேருக்கு என் பெயர் தெரியாது. டோக்கன் அக்கா என்றால்தான் தெரியும்.

நான் வேலை பார்த்த முதல் டாக்டர் துபாய் போனார். இரண்டாவது டாக்டர் ஆஸ்திரேலியா. மூன்றாவது ஆள், கல் மாதிரி உட்கார்ந்திருப்பார், இவர் எங்கே போகப்போகிறார் என்று நிம்மதியாக இருந்தேன். கனடா போனார்.

பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் இது ஒரு பேச்சாகவே ஆகிவிட்டது. "டாக்டருக்கு வெளிநாடு போவணுமா? தேவகிய வேலைக்கு வெச்சா போதும், விசா தானா வரும்." கிண்டலோடு நின்றிருந்தால் பரவாயில்லை. ஆலம்பூண்டிப் பக்கத்து நர்ஸ் பெண் ஒருத்தி, வெளிநாட்டு வேலை இன்டர்வியூவுக்குப் போகுமுன் கிளினிக்குக்கு வந்து, நடு ஹாலில் என் காலில் விழுந்து ஆசீர்வாதம் வாங்கிக்கொண்டு போனாள். வேலையும் கிடைத்துத் தொலைத்தது. அடுத்த வாரம் இன்னும் இரண்டு பேர் வந்து விழுந்தார்கள்.

நாலாவதாக வந்தவர்தான் டாக்டர் மலர்விழி. சீயமங்கலம் பக்கத்துப் பெண். அவருடைய நைனா அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு மல்லாட்டை, அதுதான் நிலக்கடலை, பிடுங்கப் போனவர். அந்தத் தெருவிலிருந்து டாக்டருக்குப் படித்த முதல் ஆள் இவர்தான். பெரிய ஊருக்குப் போகாமல் செஞ்சியிலேயே கிளினிக் வைத்தார். வீடு மாடியில், கிளினிக் கீழே. வீட்டுக்காரருக்குக் கம்ப்யூட்டர் வேலை, மாடியிலேயே உட்கார்ந்து பார்ப்பார். ஒரு பெண் குழந்தை, மூன்றாவது படிக்கிறது.

ஊசி கேட்டால் போடமாட்டார். "எதுக்கு ஊசி? வேணாம்" என்பார். முதல் வருஷம் ஊர் அவரை மதிக்கவே இல்லை. அப்புறம் மெதுவாகப் புரிந்துகொண்டது. ஒருத்தருக்குச் சர்க்கரை ஏறினால், அவர் பேத்தி கல்யாணம் எப்போது நடந்தது என்று கேட்கிற டாக்டர் இவர். கல்யாண வீட்டு லட்டுதான் காரணம் என்று அவருக்குத் தெரியும்.

பதினோரு வருஷம். என்னை "அக்கா" என்று கூப்பிட்ட முதல் டாக்டர். மற்ற மூன்று பேருக்கும் நான் "யேம்மா"தான்.

ஒரு நாள் சாயந்திரம் கூப்பிட்டுச் சொன்னார். "அக்கா, அயர்லாந்து போலாம்னு இருக்கேன். அங்கயும் இதே குடும்ப டாக்டர் வேலைதான். ஒரு பரீட்சை இருக்குது."

என் கையிலிருந்த டோக்கன் தகடுகள் எல்லாம் தரையில் சிதறின. பொறுக்கிக்கொண்டே யோசித்தேன். அஞ்சாவதாக ஒரு டாக்டரைப் பழக்க எனக்குத் தெம்பு இல்லை. அதைவிட, இந்த நாலாவது டாக்டரை அனுப்ப எனக்கு மனசு இல்லை. எப்படியாவது இவரை நிறுத்திவைக்கவேண்டும் என்று அங்கேயே, மேஜைக்கு அடியிலேயே முடிவு செய்தேன்.

ஊர் கண்டுபிடித்த காரணங்கள்

விஷயம் ஊருக்குள் கசிந்தது. கசியவிட்டவள் யார் என்று கேட்காதீர்கள்.

ரேஷன் கடை வரிசையில், கண்ணு பட்டுவிட்டது என்று முடிவு கட்டினார்கள். மனை புரோக்கர் ஏழுமலை, எல்லாம் தெரிந்தவர், "குளுருதான் காரணம். நெறைய படிச்சா மண்ட சூடாவுது. குளுர தேடிப் போறாங்க" என்றார். கோட்டைமேல் இருக்கிற குரங்குகள்தான் காரணம் என்று ஒரு கட்சி. குரங்கு எப்படிக் காரணம் என்று கேட்டால், "எல்லாத்துக்கும் அதுங்கதான்" என்றார்கள்.

உண்மைக் காரணம் எனக்கும் தெரியாது. வருமானம் என்று சொல்லலாம். ஆனால் இங்கே அவருக்குக் குறை ஒன்றும் இல்லை. மரியாதை? அடேங்கப்பா, அதற்கு என்ன பஞ்சம்!

டாக்டரம்மா கோயிலுக்குப் போனால் நிம்மதியாகச் சாமி கும்பிட விடமாட்டார்கள். கற்பூரத் தட்டு வெளிச்சத்திலேயே நாக்கை நீட்டிக் காட்டுவார்கள். பள்ளிக்கூடத்தில் குழந்தையின் மார்க்கைப் பேச வரச்சொன்ன டீச்சர், மார்க்கை விட்டுவிட்டுத் தன் எக்ஸ்ரேயைப் பிரித்தார். ஒரு கல்யாணப் பந்தியில் டாக்டரம்மா பாயசத்தைக் கையில் எடுக்கும் நேரம், எதிர் வரிசையில் இருந்தவர் வேட்டியை ஒதுக்கித் தொடையில் இருந்த கட்டியைக் காட்டினார். டாக்டரம்மா பாயசத்தைக் கீழே வைத்துவிட்டுக் கட்டியைப் பார்த்தார். நான் பக்கத்து இலையில் உட்கார்ந்து, இவ்வளவு உரிமையாக எந்த ஊரில் ஒரு டாக்டரிடம் பழகுவார்கள் என்று பெருமைப்பட்டேன். அவருடைய பாயசத்தையும் நானே குடித்தேன்.

ஆட்டுக்கும் இருமல்

அந்தப் பரீட்சை எப்படி என்றால், நடிகர்கள் நோயாளிகளாக வந்து உட்காருவார்களாம். ஒருத்தருக்குப் பத்து நிமிஷம். என்ன நோய் என்று கண்டுபிடித்தால் மட்டும் போதாது. மூன்று கேள்வி கட்டாயம் கேட்கவேண்டும். உங்களுக்கு என்னவா இருக்கும்னு நீங்க நினைக்கிறீங்க? எதை நினைச்சுக் கவலைப்படுறீங்க? நான் என்ன செய்யணும்னு எதிர்பாக்குறீங்க?

"பழகிப் பாக்கணும் அக்கா. கேட்டதுக்குச் சுருக்கமா பதில் சொல்றவங்களா நாலு பேரக் கூட்டிட்டு வாங்க" என்றார்.

சுருக்கமாகப் பேசுகிறவர்கள் ஊரில் இல்லாமல் இல்லை. ஒருத்தரையும் நான் கூப்பிடவில்லை. பதினோரு வருஷமாக டோக்கன் கொடுத்ததில் யார் யார் வாயைத் திறந்தால் மூடமாட்டார்கள் என்பது எனக்கு மனப்பாடம். பொறுக்கி எடுத்தேன். இவர்களோடு பழகினால் பரீட்சையில் ஃபெயில்தான் ஆகமுடியும் என்று எனக்கு உறுதி.

பச்சையம்மா முதல் ஆள். இரண்டாவது, ஏழுமலை. தலைவலி என்று மட்டும் சொல்லச் சொன்னேன். அவர் பதினைந்து வருஷத்து ரிப்போர்ட்டுகளை மஞ்சள் பையில் போட்டுக் கொண்டுவந்து மேஜைமேல் கொட்டினார். அதில் இரண்டு வேறு யாருடையதோ.

டாக்டரம்மா முதல் கேள்வியைக் கேட்டார். "உங்களுக்கு என்னவா இருக்கும்னு நீங்க நினைக்கிறீங்க?"

ஏழுமலை முகம் மாறிவிட்டது. "இன்னாம்மா, என்னையே கேக்கற? தெரிஞ்சா நான் ஏன் ஒன்கிட்ட வரேன்?"

"இல்லண்ணே, உங்க மனசுல என்ன தோணுதுன்னு..."

"எனக்குத் தோணி இன்னா புண்ணியம்? ஒனக்கு இல்ல தோணணும்?"

நேரே டீக்கடைக்குப் போய், குரலைத் தாழ்த்தி, "டாக்டரம்மாவுக்குப் படிச்சது மறந்துபோச்சுய்யா. வாய்விட்டுக் கேக்குது, பாவம்" என்று சொல்லியிருக்கிறார்.

திங்கட்கிழமை காலை கூட்டம் பாதிதான். வந்த பாதிப் பேர் கையிலும் வல்லாரைக் கீரை. ஞாபக சக்திக்கு நல்லதாம். நெய்யில் வதக்கித் துவையல் அரைக்கச் சொல்லி ஒரு கிழவர் டாக்டரம்மாவுக்கே மருந்து சொன்னார், காலையும் மாலையும், சாப்பாட்டுக்கு முன். மத்தியானத்துக்குள் ஏழு கட்டு சேர்ந்துவிட்டது. மாடியில் மூன்று நாள் வல்லாரைத் துவையல்தான். குழந்தை அழுதது.

மூன்றாவது தடவை நான் இன்னும் கவனமாகப் பொறுக்கினேன். காய்ச்சல் மாதிரி நடிக்க ஒரே ஒரு ஆளை வரச்சொன்னேன். அன்றைக்கு வெள்ளிக்கிழமை, சந்தை நாள். குடும்பத்தோடு ஆறு பேர், விலை போகாத ஒரு ஆட்டோடு வந்து இறங்கினார்கள். ஆடு எடை பார்க்கும் மெஷின்மேல் ஏறி நின்றது. நடிக்கவேண்டிய ஆள் தன் காய்ச்சலையே மறந்துவிட்டு, "டாக்டரம்மா, ஆட்டுக்கு ரெண்டு நாளா இருமல்" என்றார்.

டாக்டரம்மா அசரவில்லை. "ஆட்டுக்கு என்னவா இருக்கும்னு நினைக்கிறீங்க?" என்று கேட்டார். பனி என்றார்கள். "எத நெனச்சுக் கவலப்படுறீங்க?" இருமினால் யாரும் வாங்கமாட்டார்களே என்றார்கள். "நான் என்ன செய்யணும்?" தடவிக் கொடுத்து, ஒன்றும் இல்லை என்று சொன்னால் போதும் என்றார்கள். தடவிக் கொடுத்தார். கால்நடை ஆஸ்பத்திரிக்கு வழி சொன்னார். நடுவில் நடிப்புக் காய்ச்சலையும் விசாரித்து முடித்து, ஆறு பேரையும் ஆட்டையும் வெளியே அனுப்பினார். அலாரத்தைப் பார்த்தேன். ஒன்பது நிமிஷம்தான் ஆகியிருந்தது.

செல்போன் நின்றுபோயிருக்குமோ என்று தட்டிப் பார்த்தேன், ஓடிக்கொண்டுதான் இருந்தது.

தொண்டையில் இறங்காத பாதுஷா

பரீட்சைக்குப் போனவர் பத்து நாளில் திரும்பி வந்தார். கொஞ்ச நாள் கழித்து முடிவும் வந்தது. கையில் இனிப்பு டப்பாவோடு ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டார்.

"பாஸ் அக்கா! அங்க வந்தவங்கல்லாம் எவ்ளோ நல்லவங்க தெரியுமா? நான் கேட்ட கேள்விக்கே பதில் சொன்னாங்க! நெஞ்சு வலின்னு வந்தவருக்கு நெஜமாவே அவர் நெஞ்சுதான் வலிச்சுது! ஒருத்தருக்கு ஆறே நிமிஷத்துல முடிஞ்சுருச்சு. மீதி நேரம் மழையப் பத்திப் பேசிக்கிட்டு இருந்தோம். எல்லாம் உங்களாலதான். நீங்க கூட்டிட்டு வந்த ஆளுங்களப் பாத்த பின்னாடி எனக்கு எவனும் கஷ்டமே இல்ல."

வாயில் வைத்த பாதுஷா தொண்டையில் நின்றுவிட்டது. நாலாவது டாக்டருக்கு விசா ராசி மட்டும் இல்லை, பயிற்சியும் நானே கொடுத்திருக்கிறேன்.

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். "நீங்க ஃபெயில் ஆவணும்னுதான் அதுங்களக் கூட்டியாந்தேன். போங்க, போயி நல்லா இருங்க. ஆனா ஏன் போறீங்கன்னு எனக்காவது சொல்லிட்டுப் போங்க. இந்த ஊரு உங்களுக்கு இன்னா கொற வெச்சுது?"

டாக்டரம்மா கோபப்படவில்லை. சிரித்தார்.

"பாப்பா படிப்பு இருக்குது, அவரு வேலை இருக்குது. அதெல்லாம் இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா எப்ப முடிவு பண்ணேன்னு கேட்டா சொல்றேன். கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்லுங்க."

"போன மழைக்காலத்துல எனக்குக் காய்ச்சல் வந்துச்சே அக்கா. உள் ரூம்ல ட்ரிப்ஸ் ஏத்திக்கிட்டுப் படுத்திருந்தேன். அன்னிக்கு நீங்க என்ன பண்ணீங்க?"

நான் என்ன செய்தேன்? வெளியே நாற்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். தூரத்து ஊர்க்காரர்கள், பாவம். வந்தவர்களை வெறும் கையோடு அனுப்பலாமா? டோக்கன் கொடுத்தேன். ஒவ்வொருத்தராக உள் ரூமுக்கே அனுப்பினேன். அவர்கள் கட்டிலருகே நின்றபடி கையை நீட்ட, இவர் படுத்துக்கொண்டே நாடி பார்த்து, படுத்துக்கொண்டே மருந்து சொன்னார். ஒருத்தர் தன் எக்ஸ்ரே கவரை இவருடைய ட்ரிப்ஸ் ஸ்டாண்டிலேயே மாட்டினார். அதை நான் இத்தனை நாளாக எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். காய்ச்சலிலும் எங்க டாக்டர் நாற்பது பேரைப் பார்த்தாங்க என்று.

"ஊரு நல்ல ஊருதான். நீங்களும் நல்லவங்கதான் அக்கா. அவங்க வரத்தான் செய்வாங்க, நோவு இருந்தா வராம எங்க போவாங்க? என்னாலயும் போன்னு சொல்ல முடியாது, எல்லாம் என் ஜனங்க. ஆனா யாராவது ஒருத்தர் எனக்காகக் கதவ சாத்துவாங்களான்னு அன்னிக்குப் பூரா அந்தக் கதவையே பாத்துக்கிட்டு இருந்தேன்."

துபாய், ஆஸ்திரேலியா, கனடா மூன்றும் வரிசையாக என் கண்முன் வந்து போயின. ராசியாவது மண்ணாவது.

கடைசி சனிக்கிழமை

ஞாயிற்றுக்கிழமை விமானம். சனிக்கிழமையும் பார்ப்பேன் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். ஊர் திரண்டு வந்தது. இருக்கிற நோய்க்கு மட்டும் இல்லை, வரப்போகிற நோய்க்கும் சேர்த்துச் சீட்டு எழுதி வாங்க வந்திருந்தார்கள்.

ஒரு மணி ஆனது. உள்ளே போய்ப் பார்த்தேன். முகம் வெளுத்திருந்தது. மாடியில் இன்னும் பெட்டி கட்டவில்லை.

"எழுந்திரிங்க" என்றேன்.

"இன்னும் அம்பது பேர் இருக்காங்க அக்கா."

"எழுந்திரிங்கன்றேன்."

கையைப் பிடித்து உள் ரூமில் கொண்டுபோய் உட்காரவைத்தேன். தட்டில் சோறு போட்டு, சாம்பார் ஊற்றி, வெளியே வந்து கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டேன். அந்தக் கதவுக்கு முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன்.

"டாக்டரு இன்னிக்கு இனிமே பாக்க மாட்டாங்க."

"இன்னாத்துக்கு?" என்று ஐம்பது பேரும் ஒரே குரலில் கேட்டார்கள்.

"சாப்புடறாங்க."

"சாப்ட்டு வரட்டும். குந்தினு இருக்கோம்."

"அப்புறம் தூங்குவாங்க."

டாக்டர் தூங்குவார் என்பதை யாரும் கேள்விப்பட்டதில்லை. ஏழுமலை கிட்டே வந்து, நிஜமான கவலையோடு, "தூங்கறாங்களா? ஒடம்புக்கு இன்னா?" என்று கேட்டார்.

"ஒடம்புக்கு ஒண்ணும் இல்ல. மனுசங்க தூங்குவாங்க. அவ்ளோதான்."

கத்தினார்கள். தொண்டூர் பஸ்ஸை விட்டுட்டுக் காத்துனு இருக்கோம் என்றார்கள். நீ யாரு சொல்றதுக்கு என்றார்கள். மூஞ்சைத் தூக்கிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பத்து நிமிஷம் கழித்து எனக்குப் பின்னாலேயே கதவு தட்டும் சத்தம் கேட்டது.

"அக்கா, சாப்ட்டேன். தொறங்க. பாவம், பாத்துடறேன்."

"யாரது? டாக்டர் இல்லம்மா. போய்ட்டு நாளைக்கு வா" என்றேன்.

உள்ளே டாக்டரம்மா விழுந்து விழுந்து சிரிப்பது கேட்டது. எனக்கும் சிரிப்பு வந்தது. கூடவே கண்ணிலும் தண்ணீர் வந்தது, துடைக்கக்கூட இல்லை. அப்புறம் கட்டில் கிறீச்சிட்டது. அப்புறம் சத்தமே இல்லை.

ஒவ்வொருத்தராகக் கலைந்து போனார்கள். கடைசியாக ஒருத்தர் மட்டும் கையெடுத்துக் கும்பிட்டு, "யம்மா, அஞ்சே நிமிசம்" என்றார்.

"முடியாது" என்றேன்.

நாலு டாக்டர்களுக்கும் சேர்த்து நான் அந்த வார்த்தையைச் சொன்னது அதுதான் முதல் தடவை. சொல்லிப் பார்த்தால் அரை நிமிஷம்கூட ஆகவில்லை. அவரும் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். ஒருத்தரும் சாகவில்லை.

ஹால் காலியானது. அப்போது கதவுக்குள்ளிருந்து குறட்டைச் சத்தம் வந்தது. சின்னக் குறட்டை இல்லை, லாரி மேடு ஏறுகிற மாதிரி. பதினோரு வருஷத்தில் நான் அதைக் கேட்டதே இல்லை. விளக்கு வைக்கிற நேரம்வரை அந்த ஸ்டூலை விட்டு நான் எழுந்திருக்கவில்லை.

மறுநாள் போய்விட்டார்.